ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் திடீரென அணைகின்றன, நெட்டும் விட்டு விட்டு வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வாரத்தில் வந்ததால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி இருந்ததில்லை.

நெட் வராதபோது முதல் கேள்வி, ஒருவருக்கு மட்டுமா, பலருக்குமா? 'எனக்கு மட்டும்தான் வரலை' என்பதை அப்படியே நம்பாதீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் லீவில் இருந்திருப்பார்.

அப்புறம் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுங்கள், கணினியின் நெட்வொர்க் முகவரி தெரியும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிள், ஸ்விட்ச் போர்ட் பக்கம் போங்கள். முகவரி சரியாக இருந்தால் முதலில் கேட்வேயை, அதாவது வெளி நெட்டுக்கு வழிவிடும் ரவுட்டரை, பிங் செய்து பதில் வருகிறதா என்று பாருங்கள், பிறகு கூகுளின் 8.8.8.8. இரண்டும் பதில் தந்து, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறு ரகம். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுநாள் வேறொருவருக்குப் போகும். வேலை செய்யாத கணினியையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலை செய்யும் கணினியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதில் கேட்வே 192.168.1.1, இதில் 192.168.0.1. ஆபீஸில் அப்படி ஒரு கேட்வேயே கிடையாது! வைஃபை சரியாக எட்டவில்லை என்று ஒருவர் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் மாட்டியிருக்கிறார், அதுவும் கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில். அது தன் பங்குக்கு எல்லோருக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. யாருடைய பதில் முந்துகிறதோ அந்த முகவரி. எங்கள் ஸ்விட்ச் சாதாரண வகை, எந்தப் போர்ட்டில் யார் என்று அது சொல்லாது. அதனால் அந்த 192.168.0.1-ஐ விடாமல் பிங் செய்யவிட்டு, ஒவ்வொரு கேபிளாகக் கழற்றினோம். பதினோராவது கேபிளில் பிங் நின்றது.

கணினி தானாக அணையும் சிக்கலுக்கு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அணைந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கெர்னல் பவர் 41 என்றால் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்றுதான் பொருள். அதுவே காரணம் இல்லை. அதனுள் பக்செக் கோட் என்ற கோளாறு எண் பூஜ்யமாக இருந்தால் மின்சாரம், பவர் சப்ளை, சூடு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். வேறு எண் ஏதாவது இருந்தால் விண்டோஸே செயலிழந்து புளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. டிரைவரும் ரேமும் பார்க்க வேண்டியவை. எடுத்த எடுப்பில் விண்டோஸை மறுபடி போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இருந்த தடயமும் போய்விடும்.

எங்கள் ஆபீஸில் அணைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கணினிதான். அதன் பவர் கேபிள் பின்பக்கம் முழுதாக உள்ளே போகவில்லை. உட்கார்ந்திருப்பவர் கால் நீட்டும்போதெல்லாம் அணைந்தது.