ஃபாரம் நிரப்பத் தேவையில்லாதவங்க போட்ட சட்டம்

வாசகர் கேள்வி – அக்கா பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், அமெரிக்காவுல ஏழைங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்ல, 2025ல வந்த புதுச் சட்டம் கை வச்சது. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, எங்க அயோவா செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட் பேசின வீடியோவ பாத்ததுலேருந்து மனசே ஆறல. கூட்டத்துல ஒருத்தங்க "ஜனங்க செத்துப்போவாங்க"ன்னு கத்துறாங்க, இவங்க "நாம எல்லாருமே சாகத்தான் போறோம்"ங்கிறாங்க. வசதியா இருக்கவங்களுக்கு எப்படிக்கா இப்படி பேச வாய் வருது? – ஒரு வாசகி, டே மாயின்

நானும் பாத்தேம்மா. 2025 மே 30, பார்க்கர்ஸ்பர்க்னு சின்ன ஊர்ல நடந்த டவுன் ஹால். சரி வாய் தவறி வந்துடுச்சுன்னு விட்டுடலாம்னு பாத்தா மறுநாள் மன்னிப்பு கேக்குறேன்னு இன்னொரு வீடியோ போட்டு அதுலயும் கிண்டல்தான் பண்ணாங்க, எனக்கு முதல் வீடியோவ விட அதுதான் வலிச்சது. செப்டம்பர்ல, இனி தேர்தல்ல நிக்கலைன்னு அறிவிச்சுட்டாங்க.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு நம்ம ஊர்ல சொல்றது சும்மா இல்ல. மெடிக்கெய்ட்ல இருக்கறது சுமார் ஏழு கோடி பேர். இந்த நாட்டுல பிறக்குற பத்து குழந்தைல நாலு குழந்தையோட பிரசவச் செலவ இதுதான் கட்டுது, நர்சிங் ஹோம்ல இருக்க பெரியவங்க பத்துல ஆறு பேருக்கும் இதுதான். ஒரு காங்கிரஸ் உறுப்பினரோட சம்பளம் வருஷத்துக்கு 1,74,000 டாலர், அதுக்கு மேல சொந்தக் கம்பெனி, ஷேர், நிலம்னு பல பேருக்கு இருக்கு. தனி ஆளுக்கு மெடிக்கெய்ட் வேணும்னா, 2010 ஒபாமாகேர் சட்டப்படி அத இன்னும் நிறைய பேருக்கு விரிவாக்கின மாநிலத்துல 2025 கணக்குப்படி வருஷ வருமானம் சுமார் 21,600 டாலருக்குள்ள இருக்கணும். அந்த சம்பளத்துல அடுத்த மாச இன்சுலினுக்கு என்ன பண்றதுன்னு ராத்திரி முழிச்சுக்கிட்டு கெடக்குற வாழ்க்கைய இவங்க ஒரு நாள் கூட வாழ்ந்து பாக்க வேண்டிய அவசியமே வராது, சாவு எல்லாருக்கும் பொதுதான் ஆனா மருந்து கிடைக்காம சாகுறது பொது இல்ல, அந்தக் கூட்டத்துல கத்தினவங்க கேட்டது அதைத்தான்.

இன்னொண்ணும் கவனிங்க. இந்தச் சட்டத்துல ட்ரம்ப் கையெழுத்து போட்டது 2025 ஜூலை 4. வரிச் சலுகைல பெரும்பாலானது உடனே நிரந்தரம் ஆயிடுச்சு. ஆனா மெடிக்கெய்ட்ல வேலை செஞ்சாத்தான் காப்பீடுங்கற நிபந்தனைக்கு கெடு 2027 ஜனவரி 1, அதாவது 2026 நவம்பர் தேர்தல் முடிஞ்ச பிறகு! மருத்துவமனைகள் கிட்ட வாங்குற வரி மூலமா மாநிலங்கள் திரட்டுற பணத்த குறைக்கறது 2028 நிதியாண்டுலேருந்து. இந்த தேதிய எல்லாம் யோசிக்காம போட்டாங்கன்னு என்னால நம்ப முடியல.

காங்கிரஸ்காரங்களுக்கு ஆயுசு முழுக்க இலவச வைத்தியம்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா? – வாசகர், டாலஸ்

இல்ல. 2010 ஒபாமாகேர் சட்டத்துலேருந்து அவங்களும் வாஷிங்டன் டிசி எக்ஸ்சேஞ்ச், அதாவது காப்பீட்டுச் சந்தை வழியாத்தான் இன்ஷூரன்ஸ் எடுக்கணும், பிரீமியத்துல முக்கால்வாசி வரைக்கும் அரசாங்கம் முதலாளிங்கற முறைல கட்டுது, மிச்சம் அவங்க. காங்கிரஸ் கட்டடத்துலயே ஒரு டாக்டர் ஆபீஸ் இருக்கு, அதுக்கு வருஷக் கட்டணம் உண்டு. நல்ல வசதிதான், ஆனா இலவசம் இல்ல. தயவுசெஞ்சு அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணாதீங்க, பொய்ய வச்சு கோபப்பட்டா அத ஒரே நிமிஷத்துல மறுத்துட்டு நம்ம உண்மையான கேள்வியையும் சேத்து தள்ளி விட்டுடுவாங்க.

நான் 14 வருஷமா இங்க வரி கட்டுறேன். உடம்பு நல்லா இருக்கறவன் மாசம் 80 மணி நேரம் வேலை செய்யட்டும்னு சொல்றதுல என்னங்க தப்பு? எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? – வாசகர், ஃபீனிக்ஸ்

நியாயமான கேள்வி தம்பி, கோபமே இல்லாம பதில் சொல்றேன். 19லேருந்து 64 வயசு வரைக்கும், விரிவாக்கத்துல சேந்தவங்க மாசம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ காட்டணும். 13 வயசு வரைக்கும் குழந்தை இருக்க பெத்தவங்க, கர்ப்பிணிங்க, ரொம்ப முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு. காதுக்கு நல்லாத்தான் இருக்கு. பிரச்சினை என்னன்னா, மெடிக்கெய்ட்ல இருக்க பெரியவங்கள்ல ஊனமுற்றோர் உதவித்தொகைல இருக்கவங்கள விட்டுட்டு பாத்தா மூணுல ரெண்டு பங்கு கிட்ட ஏற்கெனவே வேலைதான் பாக்குறாங்க, மிச்சப் பேர்ல பெரும்பாலும் நோயாளிங்க, வீட்ல யாரையாவது பாத்துக்கறவங்க, படிக்கறவங்க. அப்ப யாரு மாட்டுவா? வேலை செய்யாதவன் இல்ல தம்பி, வேலை செஞ்சத நிரூபிக்க முடியாதவன்.

இத நான் ஊகத்துல சொல்லல. ஆர்கன்சா மாநிலத்துல 2018ல இதே நிபந்தனைய போட்டாங்க. ஆரம்பத்துல மணிக்கணக்க ஆன்லைன்ல மட்டும்தான் பதிவு பண்ணணும், அந்த வெப்சைட்ட ராத்திரி 9 மணிக்கு மூடிட்டு காலைல 7 மணிக்குத்தான் திறப்பாங்க. ரெண்டாவது ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றவன் எப்ப போய் பதிவான்? வீட்ல இன்டர்நெட்டே இல்லாத கிராமத்து ஆளு? சில மாசத்துக்குள்ள 18,000 பேருக்கு மேல காப்பீடு போச்சு, 2019 மார்ச்ல ஒரு ஃபெடரல் நீதிபதி நிறுத்தினாரு. அப்புறம் ஹார்வர்ட்ல ஆய்வு பண்ணி பாத்தாங்க, வேலைக்குப் போறவங்க எண்ணிக்கை கூடவே இல்ல. இது தெரிஞ்சும் அதையே விரிவாக்கின மாநிலங்கள் முழுக்க கொண்டு வந்திருக்காங்க, அதோட விரிவாக்கத்துல இருக்கவங்க வருஷத்துக்கு ஒரு தடவைக்கு பதிலா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதிய புதுப்பிக்கணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க, பேரு வேண்டாம். வயசானவங்க வீட்டுக்குப் போய் குளிப்பாட்டி சோறூட்டி பாத்துக்கற வேலை, காலைல ஆறு மணிக்கு கிளம்பினா ராத்திரிதான் வீடு. கொரோனா கால சலுகை 2023 மார்ச்சோட முடிஞ்சு எல்லாருக்கும் புதுப்பிப்பு ஆரம்பிச்சாங்கல்ல, அப்ப இவங்களுக்கு வந்த லெட்டர் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிடுச்சு. பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைல நிக்கும்போதுதான் காப்பீடு இல்லைன்னே அவங்களுக்குத் தெரியும். நான் அவங்களோட உக்காந்து போன் பண்ணேன், மூணு நாள், ஹோல்ட் மியூசிக்க கேட்டுக்கிட்டே லைன் கட்டாயிடும், அவங்க ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போச்சு. கடைசில திரும்ப கிடைச்சுது, ஏன்னா தகுதி எப்பவுமே இருந்துச்சு! அந்தப் புதுப்பிப்பு நடந்த ஒண்ணரை வருஷத்துல நாடு முழுக்க ரெண்டரைக் கோடி பேருக்கு மேல நீக்கினாங்க, அதுல கிட்டத்தட்ட பத்துல ஏழு பேர நீக்கினது தகுதி இல்லைன்னு தெரிஞ்சு இல்ல, பேப்பர் வரல, ஃபாரம் வரலங்கற காரணத்துக்காக.

காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகம் இந்தச் சட்டத்தால 2034க்குள்ள சுமார் ஒரு கோடி பேர் கூடுதலா காப்பீடு இல்லாம போவாங்கன்னு கணக்கு போட்டிருக்கு. அதே அலுவலகம் இன்னொரு கணக்கும் சொல்லுது: அடிமட்ட பத்து சதவீத குடும்பங்களுக்கு வருஷத்துக்கு சராசரியா சுமார் 1,200 டாலர் இழப்பு, மேல்மட்ட பத்து சதவீதத்துக்கு சுமார் 13,600 டாலர் லாபம். நீங்க கட்டின வரிய மிச்சம் பண்றோம்னு சொல்றாங்களே தம்பி, அந்த மிச்சம் யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க. மோசடி நடக்கலைன்னு நான் சொல்லல, நடக்குது, அத பிடிக்கணும், ஆனா அத பிடிக்க அந்த அம்மாவோட பிரஷர் மாத்திரைய நிறுத்தணுமா?

பணக்காரன் அரசியலுக்கு வந்தாலே இப்படித்தானா அக்கா? – வாசகர், சிகாகோ

அப்படி மொத்தமா சொல்லிட முடியாது. ஃபுளோரிடா செனட்டர் ரிக் ஸ்காட்ட எடுத்துக்கோங்க, செனட்டுலயே பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தர். அவர் தலைமைல இருந்த கொலம்பியா ஹெச்சிஏ மருத்துவமனை கம்பெனி, அரசாங்கத்துக்கு தப்பா பில் போட்ட வழக்குகள்ல மொத்தம் 170 கோடி டாலர் கட்டுச்சு. விசாரணை ஆரம்பிச்சதும் 1997ல அவர் விலகிட்டாரு, அவர் மேல தனிப்பட்ட முறைல குற்றம் எதுவும் சாட்டப்படல, அதையும் சொல்லிடறேன். மெடிகேர் (முதியோருக்கான அரசு காப்பீடு), மெடிக்கெய்ட் பணத்துல வளர்ந்த தொழில்லேருந்து வந்தவர்தான் இப்ப விரிவாக்கத்துக்கு ஃபெடரல் அரசு கொடுக்கற 90 சதவீதப் பங்க புதுசா சேர்றவங்களுக்கு குறைக்கணும்னு நின்னாரு.

இன்னொரு பக்கம் எட்வர்ட் கென்னடி, பரம்பரைப் பணக்காரர், குழந்தைகளுக்கான சிப் காப்பீட்ட 1997ல எதிர்க்கட்சி ஆரின் ஹாட்ச் கூட சேந்து கொண்டு வந்தாரு. உங்க இல்லினாய்ஸ் கவர்னர் பிரிட்ஸ்கர் டெமாக்ரட், கோடீஸ்வரர், வெட்டுக்கு எதிரா நல்லா பேசுறாரு, ஆனா அங்கதான் 42லேருந்து 64 வயசு வரைக்கும் குடியேறிகளுக்கு இருந்த மாநில காப்பீட்ட 2025 ஜூலை 1ல நிறுத்தினாங்க, 30,000 பேருக்கு மேல. அதையும் கேக்கணும் இல்லையா? மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலி மே மாசம் பத்திரிகைல, மெடிக்கெய்ட வெட்டறது தார்மீகமா தப்புன்னு எழுதிட்டு ஜூலை 1ல ஆதரவாவே ஓட்டு போட்டாரு. 50க்கு 50ன்னு நின்னு துணை ஜனாதிபதி வான்ஸ் ஓட்டுல நிறைவேறின சட்டம் அது, ஒரே ஒரு ஆள் மாறியிருந்தா போதும். அந்த 50 பேர் ஒவ்வொருத்தர் மேலயும் எனக்கு கோபம் இருக்கு, அவங்க பர்ஸு எவ்வளவு கனம்னு பாத்து இல்ல.

டவுன் ஹால்ல கத்துறதால எதாவது நடக்குமா? – வாசகி, ஒமாஹா

நடந்திருக்கு. 2017 ஜூன்ல, ஒபாமாகேர ரத்து பண்ண சட்டம் கொண்டு வந்தப்போ, வீல்சேர்ல வந்தவங்க அப்போதைய செனட் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் ஆபீஸ் வாசல்ல படுத்துட்டாங்க, போலீஸ் ஒவ்வொருத்தரா தூக்கிட்டுப் போன படம் நாடு முழுக்க போச்சு. ஜூலை 28 விடியக்காலைல அதே கட்சி செனட்டர்கள் மெக்கெய்ன், காலின்ஸ், முர்கவ்ஸ்கி மூணு பேரும் எதிர்த்து ஓட்டு போட்டு அந்த ரத்து மசோதா 49க்கு 51ல விழுந்துச்சு. அப்படி எதுவுமே நடக்காதுன்னா 2025 மார்ச்ல குடியரசுக் கட்சியோட தேர்தல் குழுத் தலைவர் உறுப்பினர்கள கூப்பிட்டு நேரடி டவுன் ஹால் நடத்தாதீங்கன்னு ஏன் சொல்லணும்? ஆனா உங்க ஊர்ல கூட்டம் நடந்தா கத்தறதோட நிறுத்தாம பேர் சொல்லி, மருந்து சொல்லி, எந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. "நீங்க பொய் சொல்றீங்க"ன்னு ஒரு நோயாளி முகத்தப் பாத்து சொல்றது அவங்களுக்கு ரொம்ப கஷ்டம்.

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனான். போன வருசம்தான் அசைலம் (அரசியல் தஞ்சம்) கிடைச்சது. எங்களுக்கு மெடிக்கெய்ட் நிண்டு போயிடும் எண்டு சொல்லினம், உண்மையோ? எனக்கு சுகர் இருக்கு. – வாசகர், நியூயார்க்

உண்மைதான் தம்பி, இத எழுதும்போதே கை வரமாட்டேங்குது. 2026 அக்டோபர் 1லேருந்து அகதிகளுக்கும் அசைலம் கிடைச்ச பெரியவங்களுக்கும் ஃபெடரல் மெடிக்கெய்ட் கிடையாது, கிரீன் கார்டு வர்ற வரைக்கும். உயிருக்கு பயந்து ஓடி வந்து, உங்கள இந்த நாடே பரிசோதிச்சு ஏத்துக்கிட்ட பிறகு, உங்க சுகர் மாத்திரைலதான் மிச்சம் பிடிக்கணுமா! வேலை நிபந்தனை பத்தி எல்லாரும் பேசுறாங்க, இதப் பத்தி பேச ஆளே இல்ல.

அசைலம் கிடைச்சு ஒரு வருஷம் இங்க இருந்தீங்கன்னா கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம், நீங்க அந்த ஒரு வருஷத்த தாண்டிட்டீங்கன்னா இந்த வாரமே ஒரு வக்கீலையோ இலவச சட்ட உதவி ஆளுங்களையோ பாருங்க, தள்ளிப்போடாதீங்க. உங்க மாநிலம் சொந்தப் பணத்துல ஏதாவது காப்பீடு தருதான்னு அவங்க கிட்டயே கேளுங்க. காப்பீடு நின்னாலும் ஃபெடரல் உதவியில நடக்கற சமூக சுகாதார மையங்கள் இருக்கு, காசு இல்லைன்னு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுங்கறது அவங்களுக்கு விதி, வருமானத்துக்குத் தக்கபடிதான் கட்டணம். இப்ப காப்பீடு கையில இருக்கும்போதே ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை) டெஸ்ட், கண் டெஸ்ட் ரெண்டையும் முடிச்சுடுங்க, மருந்து 90 நாளுக்கு எழுதித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எந்த லெட்டர் வந்தாலும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வீடு மாறினா முதல் வேலையா மெடிக்கெய்ட் ஆபீஸ்ல விலாசத்த மாத்துங்க.