நடு இரவில் மூச்சு முட்டினால்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வெள்ளிக்கிழமை ரங்கூன் காளி கோயிலில் மூன்று பேர் தனித்தனியாக என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். ராத்திரி தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறோம், என்ன காரணம் என்று. நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை, எழுதிக் கேளுங்கள் என்றேன். இருபதுக்கு மேல் வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. நெஞ்சு வார்டிலும் இதய வார்டிலும் 28 வருடம் நர்ஸாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் இரவு டியூட்டி. அதனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். டாக்டரிடம் போய் 'மூச்சு முட்டுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுந்தபோது மணி என்ன, படுத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, என்ன செய்ததும் அடங்கியது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். அதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு 67 வயது. படுத்து ஒன்றரை மணி நேரத்தில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். அரை மணியில் சரியாகிவிடுகிறது. மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். கேஸ் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவருகிறோம். (தாம்வேயிலிருந்து ஒரு மகள்)

அம்மா, ஓமத்தண்ணீரை நிறுத்திவிட்டு இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் எழுதியிருப்பது இதயம் பலவீனமானவர்கள் சொல்கிற கதை, ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை. இதயம் சரியாக இறைக்காவிட்டால் பகலெல்லாம் நீர் காலில் தேங்கும். படுத்ததும் அந்த நீர் மெல்ல மெல்ல ரத்தத்தில் சேர்ந்து நெஞ்சுக்குத் திரும்பி வருகிறது, நுரையீரல் கனக்கிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால், காலைத் தொங்கப்போட்டால், நீர் மறுபடி இறங்கி ஆசுவாசம் கிடைக்கிறது. அதனால்தான் அரை மணியில் சரியாகிறது, ஓமம் செய்த வேலை இல்லை அது. தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி, இரண்டு மூன்றானது எப்போது என்று யோசித்துப் பாருங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இன்று மாலை அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பின் மீது உங்கள் கட்டைவிரலால் பத்து எண்ணுகிற வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தாலும் அதே அர்த்தம்தான். குழி விழாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஈசிஜியும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவும் எடுத்தே ஆகவேண்டும். அதுவரை ஙாப்பி (உப்பிட்ட மீன் விழுது), கருவாடு, ஊறுகாய் எதுவும் தட்டில் வேண்டாம், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

வயது 34. மழைக்காலம் தொடங்கியதும் விடியற்காலை மூன்று மணிக்கு இருமலோடு எழுந்துவிடுகிறேன், நெஞ்சில் விசில் சத்தம். நீல பஃப் இரண்டு முறை அடித்தால் நின்றுவிடும். தினமும் அடித்தால் பழகிவிடுமா? (பெகு)

இது ஆஸ்துமாவின் நேரம், இரண்டிலிருந்து நாலு மணி. வீக்கத்தை அடக்க உடம்பு சொந்தமாகச் சுரக்கிற கார்ட்டிசால் நடு இரவில்தான் மிகக் குறைவாக இருக்கும், மூச்சுக்குழாயும் விடியும் முன்தான் மிகவும் சுருங்கும். நான்கு வாரத்தில் ஒரே ஒரு இரவு ஆஸ்துமாவால் எழுந்தாலும், நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பழகிவிடும் என்ற பயத்தில் எத்தனை பேர் மூச்சை வைத்துச் சூதாடுகிறார்கள் என்று பார்த்தவள் நான், மனம் ஆறவே ஆறாது. பஃப் போதை இல்லை தம்பி. ஆனால் நீல பஃப் சுருங்கியதை விரிக்க மட்டும்தான் செய்யும், உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடுவதில்லை. அதற்கு ஸ்டீராய்டு பஃப் வேண்டும். நீல பஃப்பை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல் தருகிற ஜினா அமைப்பு 2019-ல் தெளிவாகவே மாற்றிச் சொல்லிவிட்டது. டாக்டரிடம் அதைக் கேளுங்கள், அடித்த பிறகு வாய் கொப்பளியுங்கள். அப்புறம், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் வைக்கிறீர்களா? ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கொசுவலை போதும். சுவரில் பூஞ்சை பிடித்த பக்கம் தலை வைக்காதீர்கள். தலைவலிக்கோ மூட்டுவலிக்கோ ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போட்ட அன்று இழுப்பு கூடுகிறதா என்றும் பாருங்கள், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

வீட்டுக்காரர் குறட்டை தெரு வரை கேட்கும். திடீரென்று நின்றுபோகும், நான் பயந்து தட்டி எழுப்புவேன், 'ஹக்' என்று மூச்சை இழுப்பார். காலையில் அவருக்கு எதுவுமே நினைவில்லை. பகலில் டீக்கடையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். (மோல்மேன்)

குறட்டை நிற்கிற அந்த இடம்தான் விஷயமே. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, மறுபடி அடைக்கிறது. பத்து விநாடிக்கு மேல் நிற்பதை ஒரு தடை என்று எண்ணுவார்கள். மணிக்கு ஐந்துக்கு மேல் என்றால் நோய், முப்பது என்றால் கடுமையான நோய். ரத்தக் கொதிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் இதன் பின்னாலேயே வரும். இன்று இரவு போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள், முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி, சத்தத்தோடு. நீங்கள் வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கிற சிபாப் மெஷின் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட முறை, இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. விலை அதிகம், கரண்ட் இல்லாத இரவில் ஓடாது, நம் ஊரில் அது பெரிய தொல்லை. அதனால் எடை குறைப்பதையும், ஒருக்களித்துப் படுப்பதையும், ராத்திரி குடியையும் தூக்க மாத்திரையையும் விடுவதையும் உடனே தொடங்குங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் பகல் தூக்கம் தீரும்வரை ஓட்ட விடாதீர்கள், தயவுசெய்து.

கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறேன். புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து புரையேறி, ஒரு நிமிடம் மூச்சே உள்ளே போகாமல் செத்துவிடுவேன் போலிருக்கிறது. (ரங்கூன், மளிகைக் கடைக்காரர்)

வயிற்று அமிலம் மேலேறி வந்து குரல்வளையைத் தொட்டதும் அது தன்னைக் காத்துக்கொள்ள இறுக மூடிக்கொள்கிறது. பயங்கரமாக இருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் தானாகத் திறந்துவிடும். வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், திணறித் திணறி இழுத்தால் இன்னும் இறுகும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். கடையிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குக் கட்டை கொடுங்கள், தலையணையைக் கூட்டினால் வயிறுதான் மடங்கும். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் மட்டும் இதைக் கேஸ் என்று நினைக்காதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம்.

தங்கைக்கு ஆறாம் மாதம், வயது 25. படுத்தால் மூச்சு வாங்குகிறது. கர்ப்பத்தில் எல்லோருக்கும் உள்ளதுதானே என்கிறார் மாமியார். (தட்டோன்)

மாடி ஏறினால் வாங்குவது எல்லோருக்கும் உள்ளது. படுத்தாலே வாங்கினால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், அது வேறு. சின்ன வயதில் அவளுக்கு மூட்டு மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். கர்ப்பத்தில் ரத்தம் பாதியளவு கூடும்போது சுருங்கிய வால்வால் தாங்க முடியாது, ஆறு ஏழு மாதத்தில் வெளியே தெரியும். வார்டில் இப்படி வந்த பெண்களில் நிறையப் பேர் அதுவரை ஒரு எக்கோகூட எடுக்காதவர்கள். நாளைக்கே எடுங்கள். ரத்தசோகையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இரண்டரை மாதம். தாய்ப்பால் மட்டும். ராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, அழுதால் குரல் அடைத்து வருகிறது. அக்கா பத்தியத்தில் இருக்கிறாள். (கியாக்தான்)

இதைப் படித்து முடிக்கும் முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். நிமோனியாவாக இருக்கலாம், பிறவி இதயக் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் குரல் அடைப்பும் பத்தியமும் சேர்ந்தால் பர்மாவில் இன்னொன்றை மறக்கவே கூடாது. அதுதான் பெரிபெரி. தாய் வெள்ளைச் சோறும் உப்பும் வறுத்த மீனுமாகச் சாப்பிட்டால் பாலில் வைட்டமின் பி1 குறைந்து குழந்தையின் இதயம் வீங்கிவிடும். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தெளிகிற நோய் இது, போடாவிட்டால் குழந்தை கையைவிட்டுப் போய்விடும். டாக்டரிடம் தாயின் சாப்பாட்டைச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அக்காவுக்குப் பயறு, பருப்பு, பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களானால் அது, முட்டை எல்லாம் கொடுங்கள். அரிசியைப் பலமுறை களைந்து கஞ்சி வடித்துக் கொட்டாதீர்கள், பி1 அதோடு போய்விடும்.

கரண்ட் போன இரவுகளில் மட்டும் வீட்டில் மூன்று பேருக்கும் தலைவலி, மூச்சடைப்பு. ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது. ஜெனரேட்டர் பின்கட்டில் இருக்கிறது. (தன்லின்)

98-ஐ நம்பாதீர்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மணமில்லாத விஷம், ஆக்ஸிமீட்டருக்கு அதையும் ஆக்ஸிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில் தலைவலி என்றால் முதலில் இதைத்தான் நினைக்கவேண்டும். மெஷினைக் கூரைக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள், அதற்கு வழியில்லை என்றால் ஓட்டவே வேண்டாம். அடுத்த முறை வந்தால் எல்லோரும் உடனே தெருவுக்கு இறங்குங்கள், தூங்குகிறவர்களையும் எழுப்பிக்கொண்டு. தலைவலி விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு.

விழிப்பு வருகிறது, கை கால் அசைக்க முடியவில்லை, யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி. பாட்டி அமுக்குவான் என்கிறார். (19 வயது)

கனவுத் தூக்கத்தில் உடம்பு மரத்திருக்கும்போது மூளை மட்டும் முந்தி விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தீரும். தேர்வுக்கு ராத்திரி கண்விழிப்பதைக் குறை, மல்லாந்து படுக்காதே.

படபடப்போடு எழுகிறேன், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. ஈசிஜி, ரத்தம், தைராய்டு எல்லாம் சரி என்றார்கள். ஆறு மாதமாக மகனிடமிருந்து சரியான தகவல் இல்லை. (ஒரு தாய்)

பரிசோதனையெல்லாம் எடுத்துவிட்டீர்கள், நல்லது, அதை எடுக்காமல் நான் இதைச் சொல்லமாட்டேன். இது பதற்றம் தூக்கத்தில் வருவது. கற்பனை இல்லை, உடம்பில் நிஜமாக நடப்பது. வேகவேகமாக மூச்சு விடுவதால்தான் விரல் மரக்கிறது. காலைத் தரையில் ஊன்றி, நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. தனியாகப் படுக்காதீர்கள் அம்மா, பக்கத்து வீட்டுப் பெண் யாரையாவது கொஞ்ச நாள் துணைக்குக் கூப்பிடுங்கள்.

சாயாமா (நர்ஸம்மா), தாம்வே மகள்தான் மறுபடி. அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் போகவில்லை. நேற்று இரவு இரண்டு முறை எழுந்தார்.

அப்படியானால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூட்டிப்போங்கள். நீங்கள் இருப்பது ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரை நடந்து இறங்க விடாதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பையன்கள் தூக்கி இறக்கட்டும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். வண்டியில் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும், கால் தொங்கட்டும். உதடு நீலமாகிறதா, பேச்சு ஒரு வார்த்தைக்கு மேல் வராமல் திணறுகிறாரா, இளஞ்சிவப்பாக நுரை துப்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே போங்கள், அப்படி ஏதாவது இருந்தால் கிளினிக் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. போய்ச் சேர்ந்ததும் எந்த நேரமானாலும் எனக்கு ஒரு வரி போடுங்கள், விழித்திருப்பேன்.