0.3 மில்லிவோல்ட்டுக்கு எந்த வால்வு ஃபோனோ பிரீஆம்ப்?

கேள்வி: என்னிடம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளும் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜும் (ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) இருக்கின்றன. வால்வு (வெற்றிடக் குழாய்) ஃபோனோ பிரீஆம்ப் ஒன்றுக்காக நான்கு லட்சம் ரூபாய் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர் 12ஏஎக்ஸ்7 வால்வு உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். நண்பர் 6922 என்கிறார். முழுக்க வால்விலேயே 70 டெசிபல் பெருக்கம் தரும் பழைய கருவி ஒன்றும் விலைக்கு வருகிறது. என் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர் வகை. அதன் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்று கையேட்டில் இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கேட்பது பெரும்பாலும் பழைய தமிழ்த் திரைப்பாடல் தட்டுகள், கொஞ்சம் கர்நாடக இசை, கொஞ்சம் ஜாஸ். தாத்தா விட்டுச்சென்ற 78 வேகத் தட்டுகளும் சில உள்ளன. எதை வாங்கலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கடைக்காரரும் உங்கள் நண்பரும் எதைப் பற்றி வாதாடுகிறார்களோ, அது உங்கள் பட்டியலில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய விஷயம். முதலில் வர வேண்டியது உங்கள் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம். சுருள் அசையும் மூவிங் காயில் வகையான டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். காந்தம் அசையும் சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 4, 5 மில்லிவோல்ட் தரும். பதினைந்து மடங்கு வித்தியாசம். எந்தக் கருவி உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணே தீர்மானித்துவிடுகிறது.

ஃபோனோ பிரீஆம்ப் ஒலியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. இசைத்தட்டை வெட்டும்போது கீழ்ச்சுருதிகளைக் குறைத்தும் மேல்சுருதிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு என்பது அதுதான். அதன்படி, 1,000 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்தால் 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 19 டெசிபல் தூக்க வேண்டும். 20,000 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபல் இறக்க வேண்டும். இதில் நமக்கு முக்கியமான விளைவு ஒன்று உண்டு. நம் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வளைவு 17 டெசிபல் தூக்குகிறது, அதாவது ஏழு மடங்கு. சுவரிலிருந்து ஒழுகி வரும் சின்ன உறுமலையும் கருவி பெரிதாக்கித் தருகிறது. விலை உயர்ந்த வால்வு ஃபோனோவில் காசு எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பகுதி மின்வழங்கிக்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். பளபளக்கும் முகப்புத் தகடு அடுத்தபடி.

இனி இரைச்சல். 12ஏஎக்ஸ்7 போன்ற நல்ல மும்முனை (டிரையோடு) வால்வு தன் உள்ளீட்டில் தானே உண்டாக்கும் இரைச்சலைத் தோராயமாக ஒரு மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 0.3 மில்லிவோல்ட்டை நேரே அதில் செலுத்தினால் இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபல். அமைதியான வீணைத் தானத்தில் 'ஸ்ஸ்' என்ற ஒலி உட்கார்ந்த இடத்திலேயே காதில் விழும். அதே சமிக்ஞையைப் பத்து மடங்கு ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பினால் இடைவெளி 70 டெசிபலை நெருங்கிவிடும். அதன் பிறகு உங்கள் காதில் விழுவது தட்டின் சொந்த இரைச்சல்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் வேண்டாம், அதில் தேய்வதற்கு ஒன்றும் இல்லை, அது சேர்க்கும் இரைச்சலும் மிகக் குறைவு.

எனவே அந்த 70 டெசிபல் கருவியை விட்டுவிடுங்கள். முழுக்க வால்விலேயே அவ்வளவு பெருக்கம் எடுக்க முடியாது என்பதில்லை. முதல் கட்டத்துக்கு நூறு வால்வுகளில் ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுத்துத்தான் அதைச் செய்ய முடிகிறது. அந்த வால்வு மூப்படையும்போது அதே தரத்தில் இன்னொன்றைத் தேடும் வேலை உங்கள் தலையில் விழும். பழைய கருவி என்றால் அந்த வேலை முதல் மாதமே வரலாம். முதல் கட்டத்தில் மட்டும் எஃப்இடி டிரான்சிஸ்டர் வைத்து, மீதியை வால்வில் செய்யும் கலப்புக் கருவிகளும் உண்டு. அவற்றை 'அசல் வால்வு இல்லை' என்று ஒதுக்குவோர் பலர். என்னைக் கேட்டால், இரைச்சலுள்ள 'அசலை'விட அமைதியான கலப்பு மேல்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூவிங் மேக்னட்டுக்கு ஏற்ற 40 முதல் 44 டெசிபல் வரையிலான பெருக்கம் கொண்ட வால்வு ஃபோனோ, அதற்கு முன்னால் 1:10 விகித டிரான்ஸ்ஃபார்மர். அது கருவிக்குள்ளேயே இருந்தாலும் சரி, தனிப் பெட்டியில் வந்தாலும் சரி.

ஏன் 1:10? விகிதம் கூடினால் சத்தம் கூடும், அவ்வளவுதானே என்று நினைக்கத் தோன்றும். டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை ஏற்றும்போது, பின்னால் இருக்கும் ஃபோனோவின் உள்ளீட்டு மின்தடையான 47 கிலோ ஓம் சுமையை விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கார்ட்ரிட்ஜுக்குக் காட்டுகிறது. 1:10 என்றால் 470 ஓம். 1:20 என்றால் 117 ஓம். 1:30 என்றால் 52 ஓம். டிஎல்-103இன் சொந்த மின்தடை 40 ஓம். அதற்கு டெனான் சொல்லும் சுமை 100 ஓமும் அதற்கு மேலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1:10இல் கிடைப்பது ஏறத்தாழ 2.8 மில்லிவோல்ட், 1:20இல் 4.5, 1:30இல் 5.1. கடைசிப் படியில் விகிதத்தை ஒன்றரை மடங்கு ஏற்றியும் லாபம் சொற்பம். கார்ட்ரிட்ஜோ ஏறத்தாழ தன் சொந்த மின்தடை அளவுக்கே சுமை தாங்கித் திணறுகிறது. ஒலி மந்தமாகி, மிருதங்கத்தின் வலந்தலை 'நங்'கென்று விழாமல் அமுங்கிப்போகும். 1:20 கெடுதல் இல்லை, சிலருக்கு அதன் கனம் பிடிக்கும். 1:30 பிற கார்ட்ரிட்ஜுகளுக்கானது. விற்பவர் விகிதத்தைச் சொல்லாமல் 'ஹை, லோ' என்று மட்டும் சொன்னால், எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் ஆம்ப்ளிஃபயரின் 10 கிலோ ஓமுக்கு வருகிறேன். யாரும் உங்களிடம் இதைப் பேசியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடமும் இதுவே. வால்வு ஃபோனோவின் வெளியீட்டில் பெரும்பாலும் ஒரு மின்தேக்கி இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 100 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால் கீழ்ச்சுருதி 3 ஹெர்ட்ஸ் அருகேதான் சரியத் தொடங்கும், கவலையே இல்லை. உங்கள் 10 கிலோ ஓமில் அதே மின்தேக்கி 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் தின்றுவிடும். இதற்கு மேல் கருவியின் வெளியீட்டு மின்தடையும் அதிகமாக இருந்தால், மொத்தச் சத்தமும் குறையும், ஒலி உருக்குலையவும் செய்யும். பிறகு 'வால்வு என்றால் பேஸ் சொதசொதவென்றுதான் இருக்கும்' என்று ஊரெல்லாம் சொல்வோம். வால்வின் மேல் பழி போடுவதற்கு முன் இந்தப் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். வெளியீட்டு மின்தடை 1 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழே இருக்கும் கருவியாகப் பாருங்கள். வெளியீட்டில் கேதோடு ஃபாலோயர் (வெளியீட்டு மின்தடையைக் குறைக்கும் வால்வுக் கட்டம்) இருந்தால் பொதுவாக அந்த அளவுக்குள் வரும். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவையும் வரும். 'குறைந்தபட்சம் எத்தனை கிலோ ஓம் சுமைக்கு வடிவமைத்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் ஒரு வரியில் பதில் அனுப்பும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 12ஏஎக்ஸ்7ஆ, 6922ஆ என்ற விவகாரம். இசிசி83 என்றும் பெயருள்ள முதலாவதன் பெருக்க எண் 100. 6922 அல்லது இ88சிசி எனப்படும் இரண்டாவதன் எண் 33. முதலாவதைக் கொண்டு குறைந்த கட்டங்களில் 40 டெசிபல் எடுத்துவிடலாம். இரண்டாவது அடுத்த கட்டத்தை ஓட்டுவதில் வலுவானது, உள்மின்தடை குறைவு. இரண்டிலும் அருமையான கருவிகள் இருக்கின்றன, இரண்டிலும் குப்பைகளும் இருக்கின்றன. மறைந்த டிம் டி பரவிசினி வடிவமைத்த ஈஏஆர் 834பி மூன்று இசிசி83 வால்வுகளை வைத்தே உலகம் முழுக்க விசிறிகளைச் சேர்த்தது. உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகையும் அதில் உண்டு. மேன்லி சினூக் 6922இல் ஓடுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே 60 டெசிபல் வரை போகும். நான் சொன்ன வழிக்கு நெருக்கமானது ஈஏஆர்தான். லக்ஸ்மன் இக்யூ-500, கொரியாவின் ஆல்னிக் போன்றவையும் டிரான்ஸ்ஃபார்மர் வழியில் போகிறவைதான்; புதிதாக வாங்கினால் உங்கள் தொகைக்குள் அடங்குமா என்பது வேறு.

வால்வு வகை உண்மையாகவே வேலைசெய்யும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் மாட்டினால் உதவும். 12ஏஎக்ஸ்7க்குள் கிரிட்டுக்கும் (உள்ளீட்டு முனை) ஆனோடுக்கும் (வெளியீட்டு முனை) இடையே 1.6 பிகோஃபாரட் மின்தேக்கம்தான் இருக்கிறது. ஆனால் வால்வு அறுபது மடங்கு பெருக்கும்போது, உள்ளீட்டிலிருந்து பார்த்தால் அது 100 பிகோஃபாரட்டாக ஊதித் தெரியும். டர்ன்டேபிள் கம்பியின் 150ஐயும் சேர்த்தால் 250. ஆர்டோஃபோன் 2எம் புளூ என்ற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருள் 700 மில்லிஹென்றி; அதுவும் இந்த 250உம் சேர்ந்து 12,000 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கின்றன. அதற்கு மேலும் ஒரு 200 பிகோஃபாரட்டைக் கருவியின் சுவிட்சில் சேர்த்தால் ஒத்ததிர்வு 9,000க்குக் கீழே இறங்கி, வயலினில் ஒரு கூர்மை ஏறும். டிஎல்-103க்கு இந்தத் தொல்லை இல்லை.

வால்வால் உங்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருக்கலாம். பழைய திரைப்பாடல் தட்டுகள் கேட்பவருக்கு ஒரு தெளிவான நன்மை உண்டு. கீறல் ஒன்றில் ஊசி மோதும்போது எழும் துடிப்பு இசையைவிடப் பல மடங்கு உயரமானது. 250, 300 வோல்ட்டில் ஓடும் வால்வுக் கட்டம் அதை முட்டாமல் தாங்கும். கீறல் 'டிக்' என்று வந்து போய்விடும். இதற்கும் வடிவமைப்பு சரியாக இருக்க வேண்டும். கட்டங்களுக்கு இடையிலுள்ள மின்தேக்கிகளைத் தவறாகத் தேர்ந்திருந்தால், ஒரு கீறலுக்குப் பின் கருவி சற்று நேரம் மூச்சுப் பிடித்து நிற்கும். கேட்டுப் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டின் மிக மோசமான தட்டை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரின் பளிச்சென்ற ஜாஸ் தட்டில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் பாடும்.

அங்கே இன்னும் சிலவற்றைச் செய்து பாருங்கள். கருவி அரை மணி நேரமாவது சூடாகியிருக்க வேண்டும். ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்து, நாற்காலியில் உட்காருங்கள். உறுமல் கேட்டால் எர்த் கம்பியையும், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் இடத்தையும் திசையையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; அருகிலுள்ள ஆம்ப்ளிஃபயரின் மின்காந்தப் புலத்தை அது பிடித்துக்கொண்டிருக்கலாம். மாற்றியும் போகவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியை விரலால் மெல்லத் தட்டுங்கள்: ஸ்பீக்கரில் மணியடித்தது போல் கேட்டால் முதல் வால்வு அதிர்வைப் பிடிக்கிறது. அது வால்வை மாற்றினால் தீரும் குறைதான், ஆனால் விலை பேச உதவும். ஒற்றை ஒலித்தடத்துக்கான மோனோ சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் சேகரிப்பில் பாதி மோனோ தட்டுகளாகத்தான் இருக்கும். அந்தச் சுவிட்சைப் போட்டதும் ஊசியின் மேல் கீழ் அசைவால் வரும் இரைச்சல் முழுவதும் ரத்தாகிவிடும். ஐம்பதாயிரம் ரூபாய் வால்வு மாற்றத்தில் கிடைக்காத அமைதி அதில் கிடைக்கும்.

வால்வு மாற்றம் என்றதும் ஒரு வார்த்தை. வைர அடையாளமிட்ட டெலிஃபுங்கன், பிளாக்பர்னில் செய்த முல்லார்ட் என்றெல்லாம் இணையத்தில் ஆசை காட்டுவார்கள். அவை நல்ல வால்வுகள்தான். போலிகளும் அதே அளவுக்கு நன்றாகச் செய்யப்படுகின்றன. முதல் ஓர் ஆண்டு கருவியோடு வந்ததிலேயே கேளுங்கள். வாங்கும்போதே, இரைச்சல் சோதித்த ஒரு வால்வை முதல் கட்டத்துக்கு உபரியாக வாங்கி வைத்தால் போதும்.

இன்வெர்ட்டர்: சதுர அலை வகையாக இருந்தால், மின்சாரம் போன நேரத்தில் ஃபோனோவை அணைத்துவிடுங்கள். அந்த அலையின் கூர்முனைகள் 'கிர்ர்' என்று பாட்டோடு சேர்ந்து வரும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து பழையது வாங்கினால் 230 வோல்ட்டுக்கு உள்ளேயே மாற்ற முடிகிற கருவியாகப் பாருங்கள். ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டில் வரும். வெளியே ஒரு மலிவான இறக்கு டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால், இவ்வளவு பாடுபட்டு விரட்டிய உறுமலை அதுவே திரும்ப அழைத்து வரும். ஃபோனோவை முதலில் போட்டு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள், அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். அலமாரிக்குள் அடைக்காதீர்கள்; மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

தாத்தாவின் 78 தட்டுகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. டிஎல்-103இன் ஊசி முனை ஆரம் 16.5 மைக்ரான், அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு 65 முதல் 75 மைக்ரான் ஊசி வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும், தானும் தேயும். அந்தத் தட்டுகள் பெரும்பாலும் ஆர்ஐஏஏவுக்கு முந்தையவை, அந்த வளைவில் போட்டால் மேல்சுருதி அமுங்கிவிடும். 78 ஊசி மாட்டக்கூடிய ஒரு எளிய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜைத் தனி ஹெட்ஷெல்லில் (கைமுனையில் கழற்றி மாட்டும் தாங்கி) வைத்துக்கொள்ளுங்கள்; எஸ்எல்-1200இல் மாற்றுவது எளிது. ஆனால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த வரிசையின் பழைய மாதிரிகள் பலவற்றில் 33, 45 மட்டும்தான் உண்டு.