கிட்டார் வாங்கும் முன்: கேள்வி பதில்

என் மகளுக்கு எட்டு வயது. வளர்ந்த பிறகும் உதவுமே, பெரிய கிட்டாராகவே வாங்கிவிடலாமா சார்?

வேண்டாம்மா. பள்ளிச் சீருடை என்றால் ஓர் அளவு பெரிதாக எடுத்து மடித்துத் தைக்கலாம். கிட்டாரை மடிக்க முடியாது. முழு அளவு கிட்டாரில் கம்பி நீளம் ஏறக்குறைய 65 செ.மீ. வீணையில் மெட்டு என்பதுதான் இங்கே ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டுக்குக் கை நீட்டுவதற்குள் குழந்தைக்குத் தோள் வலிக்கும். முக்கால் அளவில், நைலான் கம்பி போட்டதாக வாங்குங்கள். அதில் நீளம் 58 செ.மீ. சுமாருக்கு இருக்கும்.

நைலான் கிட்டார்தான் பிடித்திருக்கிறது. ஆனால் ஸ்டீல் சத்தம் வேண்டும். கடைக்காரர் ஸ்டீல் கம்பி மாற்றித் தருகிறேன் என்கிறார்.

அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள். ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து 40 கிலோ அளவுக்கு இழுக்கும். ஸ்டீல் என்றால் 70 கிலோ. நைலானுக்காகச் செய்த மெல்லிய மேல்பலகை அதைத் தாங்காது. முதலில், கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் பலகை உப்பும், அப்புறம் பிரிட்ஜே பெயர்ந்து வரும். பாடிக்கொண்டே கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) வாசிப்பதுதான் ஆசை என்றால் ஸ்டீல் கிட்டாரையே வாங்குங்கள். முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும்.

எனக்கு வாசிக்கவே தெரியாது. கடையில் நல்லது கெட்டது எப்படிப் பார்ப்பது அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. என் முதல் கிட்டாரை நிறம் பார்த்து வாங்கினேன். கம்பி கொடிக்கயிறு மாதிரி உயரத்தில் நின்றது. எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து ஆறு மாதம் மூலையில் சாத்தி வைத்தேன். பிறகு ஒரு நண்பர் அரை மணி நேரத்தில் சரிசெய்து தந்தார்.

அதனால் பையில் ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். வீணையில் மெட்டு என்பதுதான் இங்கே ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். ஸ்டீல் கிட்டாரில் இரண்டரை மி.மீ. அளவு நல்லது, மூன்றைத் தாண்டினால் புதிதாகக் கற்பவர் தவிப்பார். நைலானில் நான்கு வரை பரவாயில்லை. இந்த உயரத்தைத்தான் ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குறைத்துத் தரச் சொல்லலாம்.

அடுத்து, அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியை விரலால் சும்மா தொட்டபடி மீட்டுங்கள், மணி மாதிரி ஒலிக்கும். பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். காதில் நம்பிக்கை இல்லாவிட்டால் போனில் இலவச ட்யூனர் செயலி போதும். கடைசியாக, நெக்கின், அதாவது ஃப்ரெட் பதித்த நீளக் கழுத்தின், ஓரம் முழுக்க விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறினால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

முதலிலேயே எலக்ட்ரிக் வாங்கினால் தப்பா?

தப்பே இல்லை. கம்பி மெல்லிசு, விரலுக்கும் இதம். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், அவ்வளவுதான். கர்நாடக இசையில் ஆர்வம் இருந்தால் இன்னும் நல்லது: மெல்லிய கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

பட்ஜெட் பத்தாயிரம். சாலிட் டாப் (மேல்பலகை ஒட்டாத முழு மரமாக) கிடைக்குமா?

அந்த விலைக்குப் பெரும்பாலும் லேமினேட், அதாவது ஒட்டுப்பலகைதான். வருத்தப்பட வேண்டாம். சென்னைப் புழுக்கத்துக்கு அதுதான் அதிகம் ஈடுகொடுக்கும். பத்தையும் கிட்டாரிலேயே போடாமல், ஆக்‌ஷன் சரிசெய்யவும் ஒரு செட் கம்பிக்கும் நல்ல உறைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கடலோரத்தில் குடியிருந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள்.

நான் இடது கைக்காரன்...

சாப்பிடுவதும் எழுதுவதும் கணக்கில்லை. கையில் கிட்டார் இருப்பதாகப் பாவனை செய்து தாளம் போடுங்கள். எந்தக் கை மீட்டுகிறது? வலது என்றால் சாதாரண கிட்டாரே போதும். இடது என்றால் இடது கை மாடலைக் கடையில் ஆர்டர் கொடுங்கள். வர நாளாகலாம், பரவாயில்லை, காத்திருங்கள்.