நைரோபியிலிருந்து கேப்டவுன் வரை டிரக்கில்: முழு வழியா, பாதி வழியா?

கேள்வி: எனக்கு 58 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், சுத்த சைவம். நைரோபியில் தொடங்கி எட்டு நாடுகள் வழியாகக் கேப்டவுனில் முடியும் 6 வாரக் குழுப் பயணத்தில் தனியாகச் சேர நினைக்கிறேன். டிரக்கில் பயணம், கூடாரத்தில் தங்கல். என்னால் முடியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் வயது இதற்குத் தடையே இல்லை, முதுகும் முழங்காலும் ஒத்துழைக்குமா என்பதுதான் கேள்வி. லாரியின் அடிச்சட்டத்தின் மேல் ஏறத்தாழ 20 பேருக்கு இருக்கைகள் அமைத்து, சமையல் சாமான்களையும் கூடாரங்களையும் பக்கவாட்டுப் பெட்டிகளில் அடுக்கிய வண்டிதான் இந்த டிரக். அதில் ஏறி இறங்குவதற்கே செங்குத்தான படிகள் உண்டு. விளம்பரத்தில் யானையும் சிங்கமும் இருக்கும். விடியற்காலை 5 மணிக்குக் கூடாரத்தை மடித்துக் கட்டிவிட்டு மாலை வரை உட்கார்ந்தே செல்லும் நாட்கள் அதில் இருக்காது. எனவே அட்டவணை கைக்கு வந்தவுடன், எத்தனை நாடுகள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை நாட்கள் சாலையிலேயே கழிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தான்சானியாவின் கடற்கரையிலிருந்து மலாவி ஏரிக்கும், அங்கிருந்து சாம்பியாவைக் கடந்து விக்டோரியா அருவிக்கும் செல்லும் தூரம் பெரும்பாலும் பயணமாகவே போய்விடும்.

ஆகவே முழு வழியை விட, அருவியை ஒட்டி ஜிம்பாப்வே பக்கத்தில் இருக்கும் விக்டோரியா ஃபால்ஸ் நகரில் தொடங்கிக் கேப்டவுனில் முடியும் தெற்குப் பாதியைத்தான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். சுமார் மூன்று வாரங்களில் போட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரை யானைக் கூட்டங்கள், ஒகவாங்கோ கழிமுகத்தில் மொகோரோ என்னும் ஓடம், நமீபியாவில் எட்டோஷா பூங்காவின் நீர்நிலைகள், சோசஸ்வ்லேயின் செம்மணல் குன்றுகள் ஆகிய அனைத்தும் அடங்கிவிடும். வடக்கில் தான்சானியாவின் நகோரோங்கோரோவைத் தவறவிடுகிறோமே என்று வருந்த வேண்டாம். சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள அந்த எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்குவது ஜீப்பில்தான் என்பதால், டிரக்கில் வந்தவர்களும் அங்கே வண்டி மாறியே ஆக வேண்டும். அதன் அருகிலுள்ள செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவையும் அதையும் இன்னோர் ஆண்டு ஒரு வாரப் பயணமாகத் தனியே பார்க்கலாம்.

ஜூன் இறுதி அல்லது ஜூலையைத் தேர்ந்தெடுங்கள். மழையற்ற அந்த மாதங்களில்தான் ஒகவாங்கோவில் வெள்ளம் நிறைந்திருக்கும். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் மாதங்களுக்கு முன் பெய்த மழை மெல்ல நகர்ந்து அப்போதுதான் வந்து சேர்கிறது. அக்டோபரில் விலங்குகள் நீர்நிலைகளில் இன்னும் நெருக்கமாகக் கூடும் என்றாலும், வெயில் கடுமையாகி அருவியும் மெலிந்துவிடும். ஜூலை இரவுகளில் நமீபியப் பாலைவனத்தில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று நம்பி மெல்லிய போர்வையோடு வருபவர்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம். தரமான உறங்கு பையும் கம்பளிக் குல்லாவும் கட்டாயம் வேண்டும்.

முகாம் வேலைகளை எல்லோரும் முறை வைத்துச் செய்வார்கள். கழுவிய தட்டுகளைத் துணியால் துடைக்க மாட்டார்கள். ஈரத்துணி வழியே ஒருவரின் வயிற்றுக்கோளாறு எல்லோருக்கும் பரவிவிடும் என்பதால், இரண்டு கைகளிலும் தட்டுகளைப் பிடித்துக் காற்றில் விசிறியே உலர்த்துவார்கள். முதல் நாள் கேலியாகத் தோன்றும். மூன்றாம் நாள் நீங்களும் விசிறிக்கொண்டிருப்பீர்கள். சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, முதல் நாளே சமையல்காரரிடம் மீன், முட்டை உண்பீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே சைவம் என்றால் மீன் சரிதான் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஜிம்பாப்வேயில் சட்சா என்றும் தென்னாப்பிரிக்காவில் பாப் என்றும் வழங்கும் மக்காச்சோள மாவுக் களி உங்களுக்குக் கைகொடுக்கும். ஊறுகாய் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பழங்களைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, யானை தேடி வரும். போட்ஸ்வானாவில் கோமாரி நோய்த் தடுப்புச் சாவடிகளில் பச்சை இறைச்சியையும் பால் பொருட்களையும் வாங்கிவைத்துக்கொள்வதோடு, பையிலிருக்கும் காலணிகளையும் எடுத்து வந்து மருந்து நனைந்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள்.

விசாக்களில் தென்னாப்பிரிக்காவுக்கானதை முதலில் விண்ணப்பியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அதை ஊரிலேயே பெற்றாக வேண்டும். அருவியைச் சாம்பியா பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால், ஜிம்பாப்வேக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, தெற்குப் பாதிதானே என்று விட்டுவிடாதீர்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக விமானம் மாறும்போது காத்திருப்பு 12 மணி நேரத்தைத் தாண்டினால், தென்னாப்பிரிக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். நோய் அபாய நாடுகளிலிருந்து சான்றிதழின்றி இந்தியா திரும்புவோரை 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் தந்தால் அது தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பயணக் கட்டணத்தில் அடங்காதவை எவை என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: நேரில் டாலராகக் கட்ட வேண்டிய தொகை, பூங்கா நுழைவு, படகு, அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. 2009க்கு முன் அச்சான டாலர் தாள்களைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். இதே வழியில் கூடாரத்துக்குப் பதில் அறைகளில் தங்கவைக்கும் குழுக்களும் உண்டு, விலை கூடும். எதைத் தேர்வது என்ற தயக்கம் இருந்தால், இப்போதே வீட்டில் தரையில் மெல்லிய பாய் விரித்து மூன்று இரவுகள் தொடர்ந்து படுத்து, ஒவ்வொரு காலையும் 5 மணிக்கு எழுந்து பாருங்கள். நான்காம் நாள் முதுகு வலித்தால் அறைகளுள்ள குழுவில் பதிவு செய்யுங்கள்.