சிங்கக்குட்டியா, கடலாமையா?

மும்பை செம்பூரிலிருந்து கேள்வி அனுப்பிய அப்பாவுக்கு,

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் விடுமுறையில் வெளிநாடு போய்த் தன்னார்வப் பணி செய்ய ஆசைப்படுகிறாள். "கையிலிருந்து பணம் கட்டி யாராவது வேலை பார்ப்பார்களா?" என்று கேட்கிறீர்கள். பார்ப்பார்கள் சார். தங்க இடம், சாப்பாடு, சொல்லிக்கொடுக்க ஆள் என்று அவர்களுக்கும் செலவு இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை உங்கள் பெண் அங்கே என்ன செய்வாள் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விளம்பரங்களில் தென்னாப்பிரிக்காவை முதலில் தள்ளிவிடுங்கள். சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதுதான் அங்கே வேலை. தாயிடமிருந்து பிரித்து மனிதர் கையில் வளர்த்த குட்டியைப் பிறகு காட்டில் விட முடியாது. இப்படிப்பட்ட பண்ணைகளிலிருந்து வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் சிங்கங்கள் போயிருக்கின்றன. இந்த வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2021-இல் அந்நாட்டு அரசே அறிவித்தது. குட்டியை மடியில் வைத்து எடுத்த படம் இன்ஸ்டாகிராமில் நன்றாக ஓடும். விவரம் தெரிந்தவர் உட்கார்ந்திருக்கும் நேர்முகத் தேர்வில் அதுவே வினையாகும்.

கோஸ்டா ரிக்கா ஆமைத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நாட்டு டோர்டுகேரோ கடற்கரையில் 1950-களிலிருந்தே ஆமைகளை ஆராய்ந்து வருகிறார்கள். இந்த மாதிரி முகாம்களில் ராத்திரி முழுக்க மணலில் நடக்க வேண்டும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஓட்டின் நீளத்தை அளந்து, முட்டைகளை எண்ணி, துடுப்புக்காலில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் எண்ணைப் படிவத்தில் தப்பில்லாமல் எழுத வேண்டும். சில ராத்திரி ஒரு ஆமைகூடக் கரையேறாது. 'வரவில்லை' என்று எழுதி வைப்பதும் தரவுதான். கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பொறுமை பழகாது. மணலின் சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகம் பொரிக்கும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. கூட்டின் வெப்பநிலையைத் தானே குறித்துவிட்டு வருகிறவளுக்கு அதிலேயே முதுகலை ஆய்வுக்கான கேள்வி கிடைத்துவிடலாம். டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்துக்கோ, பெங்களூருவில் உள்ள உயிரியல் ஆய்வு நிறுவனமான என்.சி.பி.எஸ்.-இன் காட்டுயிர்ப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அவளிடம் பேச விஷயம் இருக்கும்.

ஊர் மனிதர்களிடம் கற்பதும் கொஞ்சமல்ல. டோர்டுகேரோ ஒரு காலத்தில் ஆமையைப் பிடித்து விற்ற ஊர். இன்று அங்கே பலர் பயணிகளுக்கு ஆமை காட்டிப் பிழைக்கிறார்கள். மக்களின் வயிற்றுப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு விலங்கை மட்டும் காப்பாற்ற முடியாது என்று அவர்களிடம் பேசினாலே புரிந்துவிடும். அதற்காகவாவது கொஞ்சம் ஸ்பானிஷ் படிக்கச் சொல்லுங்கள்.

அதே தொகுப்பில் அனாதை இல்லத்தில் ஒரு வாரம் என்று போட்டிருக்கிறார்களே, அது வேண்டாம். வாரம் ஒரு அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் குழந்தைகள் என்ன ஆகும்? கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டார் கொண்டுவரும் பணம்தான் அங்கே இல்லங்களைப் பெருக்கியது.

தேதியையும் பாருங்கள். மே விடுமுறையில் போனால் விளம்பரப் படத்தில் இருக்கும் பச்சை ஆமையைப் பார்ப்பது கடினம். டோர்டுகேரோவில் அதன் உச்சக் காலம் ஜூலைக்குப் பிறகுதான். மே மாதம் லெதர்பேக் ஆமைகளின் பருவம். சம்பளமில்லாத வேலையாக இருந்தாலும் சுற்றுலா விசாவில் செய்ய அனுமதி உண்டா என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் பணமே கட்ட வேண்டாம். ரத்னகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமத்தில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் பருவத்துக்கு அனுப்புங்கள்; குளிர்காலத்தில் மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்துப் பூநாரைகளை வாராவாரம் எண்ணட்டும். அதற்கு ரயில் பாஸ் செலவுதான். நோட்டுப்புத்தகம் நிரம்பிய பிறகும் கோஸ்டா ரிக்கா போகத்தான் வேண்டும் என்றால், போன பருவத்து அறிக்கையையும் தரவுப் படிவத்தின் நகலையும் அனுப்பச் சொல்லி அவளே முகாமுக்கு மின்னஞ்சல் எழுதட்டும். படிவம் வராமல் தள்ளுபடிச் சலுகை மட்டும் வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.