ஆம்னி பஸ்ஸும் நாலாம் வேற்றுமையும்

அன்புள்ள அண்ணா,

பஸ் லத்தீன் வார்த்தைனு ஒரு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். ரோமாபுரி காலத்துல ஏதுண்ணா பஸ்? அப்புறம் ஆம்னி பஸ்ல இருக்கிற ஆம்னி, மாருதி வேன்ல இருந்து வந்ததா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

உங்க ஃப்ரெண்ட் சொன்னது பாதி சரி. லத்தீன்ல பஸ்னு தனி வார்த்தையே கிடையாது, அது வெறும் வேற்றுமை உருபு. ஓம்னிஸ்னா எல்லாம், எல்லாரும். அதோட நாலாம் வேற்றுமைப் பன்மை ஓம்னிபுஸ், அதாவது 'எல்லாருக்கும்'. அந்த 'எல்லாருக்கும்'ல இருந்து 'க்கும்'மை மட்டும் பிச்சு எடுத்து வண்டிக்குப் பேரா வெச்சா எப்படி, அதைத்தான் இங்கிலீஷ்காரங்க செஞ்சாங்க. எனக்கு இது இன்னைக்கும் தீராத ஆச்சரியம்.

ஓம்னிபுஸ்ங்கிற பேர்ல ஓடின வண்டி பிறந்தது பிரான்ஸ்ல, நான்த் நகரத்துல. அங்க 1820கள்ல வெந்நீர்க் குளியல் கூடம் நடத்தின ஸ்தானிஸ்லாஸ் போத்ரி, ஊர் நடுவுல இருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வர குதிரை வண்டி விட்டாரு, பார்த்தா ஏறினவங்கள்ல பலபேர் குளிக்க வராம வழியிலயே இறங்கிப் போறாங்க, சரி இதுதான் நல்ல தொழில்னு வண்டியவே பிடிச்சுக்கிட்டாரு. 1828ல பாரிஸ்லயும் விட்டாரு, அடுத்த வருஷமே லண்டன்ல ஷில்லிபீர்ங்கிறவர் ஓட்டினாரு.

அப்புறம் பல மொழிகள் அந்த உருபையே பெயர்ச்சொல்லா எடுத்து, அது மேல தன் உருபை ஒட்டிக்கிச்சு. ஸ்பானிஷ்ல பஸ் ஆட்டோபூஸ், பன்மை ஆட்டோபூசெஸ், போலிஷ்ல 'பஸ்ஸுக்கு'னா ஆட்டோபுசோவி. இத்தாலிக்காரங்களுக்கு ஒருமை பன்மை ரெண்டுக்கும் ஆட்டோபுஸ்தான். பிரேசில்ல முன்பகுதியும் தப்பிச்சு ஓனிபுஸ்னு நிக்குது. நாமளும் சளைச்சவங்க இல்ல, 'பஸ்ஸுக்கு வெயிட் பண்றேன்'னு சொல்றப்ப நாலாம் வேற்றுமை மேல இன்னொரு நாலாம் வேற்றுமை ஏறி உட்காந்திருக்கு!

சிவன் கோயில்ல அகோர மந்திரம் கேட்டிருப்பீங்க, அதுல வர்ற 'சர்வேப்ய'வும் எல்லாருக்கும், எல்லாத்துக்கும்தான். அந்த ப்யஸும் இந்த புஸும் ஒரே குடும்பம்.

மாருதிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல ஆம்னிபஸ்னு ஒரே வார்த்தையா இருக்கு, டிரைவர் போக ஆறு பேருக்கு மேல ஏத்துற எந்த வண்டியும் அதுல அடங்கும், அதாவது டவுன் பஸ்ஸும் சட்டப்படி ஆம்னிபஸ்தான். நம்ம ஊர்ல மட்டும் அது ரெண்டாப் பிரிஞ்சு, ராத்திரி ஓடுற பிரைவேட் வண்டிக்குனு ஆயிடுச்சு. பிரிஞ்ச இடத்தைப் பாருங்க, லத்தீன் வாத்தியார் பிரிச்ச மாதிரி அடிச்சொல் தனி, உருபு தனி.